ஒரு அளவு சின்னது

கையுறை வாங்குவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கம்பளி, தோல், உள்ளே பஞ்சு வைத்தது என்று கடையில் பரப்பி வைத்திருந்ததில் ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்தாள்.

"அண்ணனுக்குப் பெரிய கை, அண்ணி. பெரிசா எடுங்க" என்றாள் கூட வந்த நாத்தனார்.

"தொளதொளன்னு இருந்தா குளிரு உள்ள பூந்துடும். உனக்கென்ன தெரியும்?"

ஒரு அளவு சின்னதாகவே எடுத்தாள். அவள் பிடித்தால் பிடித்ததுதான்.

கணவருக்கு இறைச்சிக் கிடங்கில் வேலை. குளிர்காலத்தில் தெருவிலும் பனி, கிடங்கிலும் பனி. உறைந்த பெட்டிகளைத் தூக்கி அடுக்க அங்கே கொடுத்த ரப்பர் உறைக்குள் இந்தக் கம்பளியையும் மாட்டிவிட்டால் குளிர் கிட்டேயே வராது என்பது அவள் கணக்கு.

மாட்டிப் பார்த்த அன்று அவர் சிரித்தார். "உன்ன மாதிரியேதான் இருக்குடி. பிடிச்சா விடமாட்டேங்குது."

மறுநாள் விரலெல்லாம் குறுகுறுவென்று மரத்துப் போவதாகச் சொன்னார்.

"புதுசுன்னா அப்படித்தாங்க இருக்கும். போடப் போட இளகிடும். கழட்டிக் கிழட்டி வச்சிடாதீங்க."

அவள் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத மனிதர். கழற்றவில்லை. சில நாள் கழித்து, "இப்பல்லாம் குளிரே தெரியல" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே நாத்தனாருக்குப் போன் போட்டு, "பாத்தியா?" என்று பீற்றிக்கொண்டாள்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் அவர் உறையை உரித்தபோது வலது கை விரல் நுனிகள் கறுத்திருந்தன. அழுக்கு என்று நினைத்துச் சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்தாள். அவரும் கையைக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றார். தோல் உரிந்து வந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை.

"இவ்வளவு இறுக்கமா யாருங்க போடச் சொன்னது? ரத்தம் போக வழியே இல்லியே" என்று டாக்டர் கத்தினார்.

அவள் வாயைத் திறக்குமுன் கணவர் முந்திக்கொண்டார். "கிடங்குல குடுத்ததுங்க."

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. அந்தப் பொய்க்குப் பிறகு அவளால் அவரை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

காயம் ஆறியும் குளிர் விட்டபாடில்லை. அதே கடைக்கு அவரையே அழைத்துப் போனாள். விரல் பிரியாமல் பை மாதிரி இருக்கிற உறையைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். மெதுவாக அவர் கையில் மாட்டினாள்.

"இறுக்குதாங்க?"

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை.

"தெரியலம்மா. நீயே விரல விட்டுப் பாரு."

விட்டுப் பார்த்தாள். உள்ளே இடம் இருந்தது. நிறையவே இருந்தது.