ஆலமரமும் ஹில்டாவின் காலும்

பெண் பார்க்க வரும் நாளில் யாராவது மரத்துக்குத் தொட்டி மாற்றுவார்களா? பட்டாபிராம் அருள்தாஸ் மாற்றினார். குட்டி போன்சாய் ஆலமரத்தின் வேர் பழைய தொட்டிக்குள் சுருண்டு இறுகிக் கிடந்தது. அதைக் கத்தரித்து, புது நீலத் தொட்டியில் செம்மண்ணும் செங்கல் தூளும் நிரப்பி, மரத்தை உட்கார வைத்துச் செப்புக் கம்பியால் கட்டினார். மகள் ஹில்டா அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

“முழம்கூட இல்ல, இன்னா அழகா கீது பாரு! குள்ளமா இருந்தாத்தான் இதுக்கு மரியாதையே. ஹால்ல நடுவுல வெக்கலாம்” என்று பூரித்தவர், அதே மூச்சில் சொன்னார்: “அவங்க வந்தா நீ சேர்லயே உக்காந்துகினு இரு. எழுந்துக்காத. குள்ளம்னு தெரிஞ்சிடும்.”

உயரத்தைச் சொல்லித்தான் போன வருடம் ஓர் இடம் தட்டிப்போனது. இதுவும் போய்விடுமோ என்று பயம். அதற்காக இப்படியா ஒரு மனுஷன் பேசுவான்! ஹில்டா கை கழுவப் போனாள்.

மாலையில் திருநின்றவூரிலிருந்து மாப்பிள்ளையின் பெற்றோர் டேவிடும் ஞானசௌந்தரியும் வந்தார்கள். மரம் டீப்பாயில், ஹில்டா மூலை நாற்காலியில். மனைவி இல்லாத வீடு, காபியை அருள்தாஸே கொண்டுவந்து கொடுத்தார். பேச்சு நன்றாகத்தான் போனது. ஒன்றை மட்டும் அவர் மறந்திருந்தார்.

“கிளம்பறதுக்கு முன்னால எல்லாரும் எழுந்து நின்னு ஜெபம் பண்ணிக்கலாம் பிரதர்” என்றார் டேவிட்.

அருள்தாஸுக்கு வியர்த்துவிட்டது. “அவ உக்காந்தே இருக்கட்டும். கால் சுளுக்கிகிச்சு.”

டேவிட் நல்ல மனிதர். சம்பந்தத்தை மறந்துவிட்டு, “ஆண்டவரே, இந்த மகளுடைய காலைத் தொட்டு சுகப்படுத்தும்” என்று உருகி உருகி வேண்டினார். ஞானசௌந்தரி குனிந்து ஹில்டாவின் கணுக்காலில் கை வைத்தாள். அருள்தாஸுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. ‘ஆமென்’ கூட வாயில் வரவில்லை.

ஜெபம் முடிந்ததும் ஹில்டா எழுந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“கால்ல ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. நான் குள்ளம். அது தெரியக்கூடாதுன்னுதான் அப்பா அப்டி சொல்லிச்சு.”

“தெரியுமேம்மா” என்றாள் ஞானசௌந்தரி. “ரயில்ல தெனம் உன்னப் பாத்துட்டுத்தான் எங்க பையனே கேட்டான்.”

ஞானசௌந்தரிக்கே அருள்தாஸைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. பேச்சை மாற்ற மரத்தைக் காட்டினாள். “அழகா கீதுண்ணே. ஏன் இத வளர உடாம வெச்சிகினு கீறீங்க?”

வேறொரு நாளாக இருந்தால் அருள்தாஸ் இதைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருப்பார். ஹில்டா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குள்ளமா இருந்தாத்தான்...” என்று ஆரம்பித்த அருள்தாஸ், மகளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.