கூட்டாமல் விட்ட இரண்டரை மணித்தியாலம்

காலை ஒன்பது மணிக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து இஷாம் பேசினான். "தங்கச்சி, இப்பதான் வெளிய வந்தன். நான் உம்மாட முகத்தப் பாக்காம அடக்கிராதீங்க."

றிஸானா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். நேற்று மாலை உம்மா மௌத்தானதும் அவள்தான் கணக்குப் பார்த்தாள். டோஹாவில் இரவு ஒரு மணிக்கு விமானம். மூவாயிரத்து அறுநூறு கிலோமீற்றர், நாலே முக்கால் மணித்தியாலம். ஆறு மணிக்குள் இறங்கிவிடுவான் என்று மூத்தவன் அஸ்கரிடம் சொன்னாள். அவனும் நண்பகல் லுஹர் தொழுகையோடு அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்துவிட்டான். கட்டார் மணியை நம் மணியாக்க இரண்டரை மணித்தியாலம் கூட்ட வேண்டும் என்பது அவளுக்கு நினைவு வரவில்லை.

"எங்க நிக்கானாம்?" என்றான் அஸ்கர்.

சொன்னாள்.

"இப்பதானா? இஞ்ச வந்து சேர பின்னேரம் மூணு மணியாகும். ஏன் பொய் சென்னாய்?"

"பொய் இல்ல காக்கா. கட்டார் மணியிலேயே கணக்குப் பாத்திட்டன்."

"வாப்பாட ஜனாஸாவையும் இப்படித்தான் வெச்சுக்கிட்டுப் பாத்திருந்தம். தொர வந்தாரா?"

"முதலாளி பாஸ்போட் குடுக்கல்லயே."

"ஆறு வருஷமா அதே கத. வீடியோவுல பாத்து அழட்டும். லுஹருக்கு அடக்கிற."

"நான் விட்ட பிழைக்கு அவரத் தண்டிக்காதீங்க. உம்மா கடைசியாக் கேட்டதும் அவரத்தான்."

"ஓம். பக்கத்துல இருந்தவன ஆரு கேக்கிற?"

மையித்தைக் குளிப்பாட்ட வந்திருந்த ஆயிஷா உம்மா உள்ளேயிருந்து, "மெதுவாப் பேசுங்க மனே" என்றார்.

"நீங்க உங்கட வேலயப் பாருங்க!" என்று சீறிவிட்டு அஸ்கர் வெளியேறினான்.

பள்ளிக்குத்தான் போகிறான் என்று றிஸானா நினைத்தாள். அவன் வாசல் படலையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். இருபது வருடம் எயார்போட் வேன் ஓடியவன் அவன். இஷாமை ஏற்றிவரும் அஹமட் அவனிடம் தொழில் பழகியவன்.

"அஹமட், தம்புள்ளயில தேத்தண்ணிக்கு நிப்பாட்டாத. வழியில பணிஸ் வாங்கி அவனுக்குக் குடு, ஒண்டும் திண்டிருக்க மாட்டான். வெலிக்கந்தையில யானை நிக்கும், மெதுவா வா. நான் பேசினத்த அவனுக்குச் செல்லாத."

அடுத்து பள்ளிக்கு எடுத்தான். "அடக்கத்தப் பின்னேரம் அசருக்கு மாத்துங்க."

திரும்பியபோது றிஸானா கேட்டுக்கொண்டு நின்றாள். "அவனுக்காக இல்ல," என்றான் கடுமையாக. "உம்மாக்கு."

கோபம் குடியிருக்கும் நெஞ்சிலும் இரக்கத்துக்கு அல்லாஹ் ஓர் இடம் வைத்திருக்கிறான். அதைக் கண்டவள் உள்ளே போனாள்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வேன் வந்தது. இஷாம் சலாம் சொன்னான். அஸ்கர் வாய்க்குள் பதில் சொல்லி, வேறு பக்கம் பார்த்தான். ஆயிஷா உம்மா கபன் துணியை விலக்கி முகத்தைக் காட்டினார். இஷாம் நெற்றியில் முத்தமிட்டான்.

பிறகு மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்க நின்றார்கள். அதன் முன் வலது கைப்பிடியை அஸ்கர் பிடித்திருந்தான். முன் இடது கைப்பிடியைப் பிடிக்க வந்த இருவரை முறைத்தே விலக்கியிருந்தான்.

இஷாம் தயங்கி நின்றான்.

"என்ன பாக்கிறாய்?" என்றான் அஸ்கர், முகம் திருப்பாமல். "புடி."