மாமா கேட்ட சூப்

மாலை நேர ஆங்கில வகுப்பில் அன்றைய பாடம், ஹோட்டலில் பணிவாகக் கேட்டு வாங்குவது. "கிவ் மீ" வேண்டாம், "குட் ஐ ஹேவ்", அதாவது 'கிடைக்குமா', என்று தொடங்குங்கள் என்றேன். வெயிட்டர் சொல்ல வேண்டிய "ஷ்யூர், சார்" என்பதையும் பலகையில் எழுதினேன். பிறகு முன்கையில் துண்டைப் போட்டுக்கொண்டு நானே வெயிட்டர் ஆனேன்.

"வெயிட்டர் மூஞ்சி இப்படி உம்முனு இருந்தா டிப்ஸ் விழாது சார்" என்றார் டாக்ஸி ஓட்டுகிறவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

கடைசி வரிசையில் மாமா இருந்தார். என் மாமனார். நோயில் படுத்த மகளை, என் மனைவியை, பார்த்துக்கொள்ள வந்தவர். அவள் இறந்த பிறகு, என்னைத் தனியே விட மனமில்லாமல் தங்கிவிட்டார். பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று வகுப்பில் சேர்த்துவிட்டேன். அதோடு என் கடமை முடிந்ததாக நினைத்தேன்.

அவர் முறை வந்தது. மேசை முன் வந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளையே நின்னு பரிமாறுறாரு! குடுத்து வச்சவரு ஐயா நீங்க" என்றார் தையல்கார அம்மா.

மாமா மெனு அட்டையைத் தொடவில்லை. "குட் ஐ ஹேவ் சூப், ப்ளீஸ்?"

"எனிதிங் எல்ஸ், சார்?"

"நோ சிக்கன், ப்ளீஸ். நோ ஹார்ட் பிரெட்." வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். "மை பல் செட்... ப்ரோக்கன். லாங் டைம்."

"பெரியவர் பின்னி எடுக்குறாரே!" டாக்ஸிக்காரர் கை தட்டினார்.

தினமும் வேலை முடிந்து வரும்போது முனைக்கடையில் வறுத்த கோழியும் ரொட்டியும் வாங்கி வருவேன். அவருடைய பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, என்னுடையதோடு அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. ரொட்டியை அவர் டீயில் ஊறப்போட்டுத் தின்பதைப் பார்த்திருக்கிறேன். வயதானவர்கள் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். கோழி அப்படியே கிடக்கும். "பசியில்ல மாப்பிள்ளை" என்பார். பெண்ணைக் கொடுத்தவர் மருமகனிடம் வாய்விட்டுக் கேட்க மாட்டார். அது எனக்குத் தெரியாததல்ல.

துண்டும் கையுமாக, அவர் வாயை மறைத்த கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வெயிட்டரே பாடத்தை மறந்துட்டாரு!" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. துண்டை மடித்து வைத்துவிட்டு வகுப்பை முடித்தேன்.

இருவரும் சேர்ந்து நடந்தோம். முனைக்கடையில் நின்றேன்.

"மாமா, என்ன சாப்பிடுறீங்க?"

"உங்களுக்கு எது வசதியோ அதையே வாங்குங்க மாப்பிள்ளை."

"பல் செட் உடைஞ்சதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அது கிடக்கட்டும். நீங்களே நொந்து போயிருக்கீங்க. இதுல என் பல்லு வேறயா?"

"இப்பவாவது சொல்லுங்க மாமா."

"எதுன்னாலும் சரி மாப்பிள்ளை."

பின்னால் வரிசை நீண்டது. கடைக்காரன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் கைக்குட்டையை எடுத்து முன்கையில் மடித்துப் போட்டுக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"வாட் வுட் யூ லைக், சார்?"

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குட் ஐ ஹேவ் டூ சூப், ப்ளீஸ்? ஒன் ஃபார் மீ." சற்று நிறுத்தினார். "ஒன் ஃபார் வெயிட்டர்."

கடைக்காரன் பக்கம் திரும்பி, சூப் பாத்திரத்தைக் காட்டி இரண்டு விரலை நீட்டினேன்.