வரப்பு உடைந்த வியாழக்கிழமை

மே மாதத்தில் என் மனைவி வெனேரா ஒரு தடவை செத்துப் பிழைத்தாள். கோழிகளுக்குத் தீனி போடப் போனவள் வெறுங்காலோடு ஒரு மண்குவியலை மிதித்துவிட்டாள். கால் எரிகிறது என்றாள். பிறகு உதடு தடித்தது, தொண்டை அடைத்தது. சிரகூசா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. நாற்பத்தொரு வருஷம் பார்த்த முகம்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கடிச்சது எறும்புதான். ஆனா உங்க மனைவி உடம்பு அந்த விஷத்தைத் தாங்காது. இன்னொரு தடவை இப்படிக் கடி வாங்கினா, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் இருப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எறும்பு போகணும், இல்ல அவங்க அந்த வீட்டை விட்டுப் போகணும்."

தொடையில் குத்திக்கொள்ளும் ஊசி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். அதை அவள் ஏப்ரன் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

எங்கள் மகள் ரொசால்பா வடக்கே பெர்கமோவில் நாலாவது மாடியில் குடியிருக்கிறாள். அம்மாவை அனுப்பு என்று தினமும் ஃபோன் செய்தாள். வெனேரா கேட்கவில்லை.

"அங்க போய் லிஃப்ட்டுக்குக் காவல் இருக்கவா? நான் இங்கதான் சாவேன்."

"டாக்டரும் அதைத்தான் சொல்றார்" என்றேன்.

சிரித்தாள். அப்போது எங்களிடம் சிரிப்பு மிச்சம் இருந்தது.

மேல்தோட்டத்துக்காரன் தானோ ஞானஸ்நானத்தில் ரொசால்பாவுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் நானும் அவனும் ஒருவரை ஒருவர் கும்பாரி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். எறும்புக்கு வைத்தியம் சொன்னவர்களில் முதல் ஆள் அவன்தான். பெட்ரோல் ஊற்று என்றான். ஊற்றினேன். பாஸ்தா வேகவைத்த தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்று என்றான். அதையும் செய்தேன். ஒரு வாரத்தில் இரண்டு மீட்டர் தள்ளிப் புதுக் குவியல் வந்தது, ஒன்றுக்கு மூன்றாக.

எறும்பு ஒழிப்புக்கு அரசாங்கம் வைத்திருந்த லொரெதானா என்ற பெண் செப்டம்பரில் வந்தாள். சாசேஜை வட்ட வட்டமாக நறுக்கி, அட்டைத் துண்டுகளில் வைத்து, வீட்டைச் சுற்றிப் பன்னிரண்டு இடத்தில் போட்டாள். வெனேரா ஜன்னலில் நின்று பார்த்தாள்.

"பெருஞ்சீரகம் போட்ட நல்ல சாசேஜ்! மனுஷனுக்கே ஞாயித்துக்கிழமைதான் கிடைக்குது."

"நமக்கு ஒரு நாளும் இப்படி விருந்து வச்சதில்லையே கும்பாரி, எறும்பாப் பொறந்திருக்கலாம்" என்றான் தானோ, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து.

அரை மணி நேரத்தில் அட்டைகள் சிவந்துவிட்டன. லொரெதானா ஒரு எறும்பைப் பிடித்துக் கண்ணாடிக்குக் கீழே காட்டினாள்.

"தலையும் நெஞ்சும் செம்பு நிறம், பின்பக்கம் கருப்பு. இடுப்புல ரெண்டு முடிச்சு பாருங்க. ஒரே புத்துல சின்னது, நடுத்தரம், பெருசு எல்லாம் இருக்கும். குவியலுக்கு மேல வாசல் ஓட்டை இருக்காது. குச்சியால தொட்டீங்கன்னா கொதிச்சு மேல வரும். கடிச்ச மறுநாள் வெள்ளைக் கொப்புளம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்போ சந்தேகமே இல்ல. தீயெறும்பு. கடல் தாண்டி வந்தது."

பெட்ரோல் கதையைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வேலைக்காரங்களைக் கொன்னு என்ன ஆகப் போகுது? ராணி கீழ உக்காந்து முட்டை போட்டுக்கிட்டே இருக்கா. மேல தொந்தரவுன்னா குடும்பத்தோட இடம் மாறிடுவா. இவங்களே மருந்தைச் சாப்பாடுன்னு நம்பித் தூக்கிட்டுப் போய் அவளுக்கு ஊட்டணும். அதுதான் ஒரே வழி."

மருந்து என்பது எண்ணெயில் ஊறிய சோளக் குருணை. முற்றத்தில் தூவினால் இரண்டு நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது; நனைந்தால் எறும்பு தொடாது. அக்டோபர் தாண்டி மண் குளிர்ந்துவிட்டால் அது தீனி தேடி வராது, அப்புறம் ஏப்ரல்தான். கோழிகளை அடைத்துவைக்க வேண்டும். இதெல்லாம் அச்சடித்த தாளைக் கதவில் ஒட்டினாள். ஐம்பது வயசுக்கு மேல்தான் நான் எழுத்துக் கற்றேன். அந்தத் தாளை விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது.

அக்டோபர் முதல் திங்கட்கிழமை வருவதாக இருந்தாள். வண்டி பழுதாகிப் புதன்கிழமை மத்தியானம்தான் வந்தாள். வீட்டைச் சுற்றி இருபத்துமூன்று குவியல் எண்ணி, ஒவ்வொன்றையும் சுற்றிக் குருணை தூவிவிட்டு நாலு மணிக்குப் போனாள்.

வியாழக்கிழமை என் தண்ணீர் முறை.

எங்கள் பக்கம் வாய்க்கால் தண்ணீர் பதினெட்டு நாளைக்கு ஒரு தடவை, ஆளுக்கு மூன்று மணி நேரம். உன் முறையில் நீ மடை திறக்காவிட்டால் தண்ணீர் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். போனது போனதுதான். போன முறை வாய்க்காலுக்கு இறைக்கும் மோட்டார் எரிந்துபோய் யாருக்கும் தண்ணீர் இல்லை. மார்ச்சுக்குப் பிறகு மழையும் இல்லை. அறுபது எலுமிச்சை மரம். முப்பது வருஷம் மற்றவர்கள் தோட்டத்தில் பெட்டி சுமந்துவிட்டு வந்து சாயங்காலங்களில் நான் வைத்தவை. இலைகள் சுருட்டு மாதிரி சுருண்டு நின்றன.

காலை எட்டு மணிக்குத் தானோ மேலே இருந்து கத்தினான்.

"கும்பாரி! தண்ணி வருது. உனக்குத் திறக்கவா, கீழ விடவா?"

"மருந்து போட்டிருக்கே."

"மருந்து வீட்டைச் சுத்தித்தானே? மேல் மூணு வரிசைக்கு மட்டும் பாய்ச்சு. நடுவுல இவ்வளவு பெரிய வரப்பு இருக்கு. உன் தலையை விடக் கெட்டியான வரப்பு."

நான் சுருண்ட இலைகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னும் பதினெட்டு நாள் அந்த மரங்க தாங்காது. சீக்கிரம் சொல்லு, கீழ இருக்கிறவன் மண்வெட்டியோட காத்துக்கிட்டிருக்கான்."

வெனேரா ஜன்னலைத் திறந்தாள்.

"என்ன பண்ணப் போற?"

"மேல் மூணு வரிசை மட்டும். இந்தப் பக்கம் வராது."

"உனக்குத்தான் தெரியும்" என்று ஜன்னலைச் சாத்தினாள்.

தானோவுக்குக் கை காட்டிவிட்டு என் மடையைத் திறந்தேன்.

ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. மண் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. மேல் வரிசை நிறைந்து தண்ணீர் வரப்பில் வந்து முட்டியது. அங்கே ஓர் இடம் கசிந்தது. மண்வெட்டியால் ஒரு கட்டி எடுத்து அடைக்கப் போனேன். காலடியில் வரப்பு அப்படியே உள்ளே இறங்கியது. வெளியே புல்லும் மண்ணுமாக இருந்தது, உள்ளே முழுக்கப் பஞ்சு மாதிரி ஓட்டை. வெயில் படும் மேட்டு மண் என்று எறும்புகள் அதற்குள்தான் பெரிய வீடு கட்டியிருந்தன. லொரெதானா வீட்டைச் சுற்றித்தான் எண்ணினாள். வரப்பை யாரும் பார்க்கவில்லை. தினமும் மிதித்து நடந்த நானும் பார்க்கவில்லை.

தண்ணீர் முற்றத்துக்குப் பாய்ந்தது. குருணை மிதந்து போயிற்று. பிறகு எறும்பு மேலே வந்தது. முங்கிச் சாகவில்லை. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, முட்டைகளை நடுவில் வைத்துக்கொண்டு, பழுப்பு ரொட்டிகள் போல மிதந்தன. ஒவ்வொரு ரொட்டியும் சுவரைத் தேடிப் போயிற்று.

"மடையை அடைடா!" என்று தானோவைப் பார்த்துக் கத்தினேன். "வெனேரா, கதவைத் திறக்காதே!"

அவளுக்குக் கேட்கவில்லை. வாசல்படியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பெண் எவளும் செய்வதைத்தான் செய்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து தண்ணீரைத் தள்ளினாள். துடைப்பத்தில் ஏறியவை அவள் கைக்கு வந்தன.

ஊசியை அவளே குத்திக்கொண்டாள். தானோ வண்டியை ஓட்டினான். அவன் வாய் மூடி நான் பார்த்தது அன்றுதான்.

பிழைத்துக்கொண்டாள். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

லொரெதானா வந்து நனைந்த குருணையை விரலில் எடுத்துப் பார்த்தாள்.

"காய்ஞ்ச நிலையில எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"பதினேழு மணி நேரம்."

திட்டுவாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. சமையலறைச் சுவரில் காதை வைத்தாள், மின்பெட்டியைத் திறந்து பார்த்து மூடினாள்.

"இப்போ சுவருக்குள்ள போயிடுச்சு. நனைஞ்ச மண் காயறதுக்குள்ள குளிர் வந்துடும், ஏப்ரல்ல வரேன். ஆனா ஒரு தடவைல முடியாது. சில வருஷம் ஆகும். உங்க மனைவியை மட்டும் இங்க கூட்டிட்டு வராதீங்க."

ரொசால்பா ஆஸ்பத்திரியிலிருந்தே அம்மாவை விமானத்துக்குக் கூட்டிப் போனாள். நான் உதறித் துவைத்த துணிகளை ஒரு பையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டுப் போட்ட கையால் வெனேரா பையை வாங்கிக்கொண்டாள்.

"கோழிகளைத் தானோகிட்ட குடுத்துடு" என்றாள்.

மரங்கள் பிழைத்துவிட்டன. டிசம்பரில் கிளை தாங்காமல் காய்த்தன. பழம் பறிக்கும் கூட்டம் வந்தது. முதலில் இறங்கிய ஆள் ஏணியைச் சாய்ப்பதற்குள் ஒரு குவியலை மிதித்து, கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு காலை உதறினான். மேஸ்திரி கையை விரித்தான்.

"நுன்சியோ, தப்பா நினைக்காதே. இந்தத் தோட்டத்துக்குள்ள என் ஆளுங்க இறங்க மாட்டாங்க."

ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நானே பறிக்கிறேன், ஒரு நாளைக்கு ஒன்றரை மரம். பறித்து முடிப்பதற்குள் மிச்சம் கீழே விழுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெனேரா ஃபோன் செய்வாள்.

"எறும்பு?"

"இருக்கு."

"மரம்?"

"இருக்கு."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

மரமா நானா என்று அவள் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கு வரை கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் தேடிக்கொண்டே இருக்கிறேன்.