நாலு நிமிஷம் பத்து செகண்ட்

அந்த ஐந்து மாடிக் கட்டிடத்தில் அவளுக்குப் பெயர் விசிலக்கா. தீ விபத்து ஒத்திகைக்கு அவள்தான் தலைவி. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அபாயமணி அடித்தால் போதும், கழுத்தில் விசிலும் கையில் பெயர்ப் பட்டியலுமாக வாசல் கேட்டில் நிற்பாள். குளித்துக்கொண்டிருப்பவரும் சோப்பு நுரையோடு ஓடி வந்தாக வேண்டும். வராவிட்டால் கிழிகிழியென்று கிழித்துவிடுவாள்.

முதல் ஒத்திகையில் மூக்குடைபட்டதும் அவளேதான். அவள் புருஷன் பஸ் டிரைவராக இருந்தவர். பக்கவாதம் வந்து நாலாவது மாடியில் படுத்த படுக்கை. ஆள் நல்ல கனம். இரண்டு பேர் நாற்காலியில் வைத்து இறக்குவதற்குள் பதினாலு நிமிஷம் ஆகிவிட்டது. "ஆறு நிமிஷத்துக்கு மேல போனா சான்றிதழ் கிடையாது" என்று தீயணைப்பு அதிகாரி பட்டென்று சொல்லிவிட்டார். எதிர்க் கட்டிடத்துக்காரர்கள் பால்கனியில் நின்று சிரித்தார்கள். அவளுக்கு மானம் போயிற்று.

அன்று சாயங்காலமே பேனாவை எடுத்துப் பட்டியலில் புருஷன் பெயரை அடித்தாள். "ஒத்திகைதானே, உங்களை எதுக்குப் போட்டு அலைக்கழிக்கணும்?"

"நானும் அதத்தான் நெனச்சேன். என்னால உனக்குக் கெட்ட பேர் வேணாம்மா" என்றார். பாவி மனுஷன், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது!

அப்புறம் என்ன, ஐந்தரை நிமிஷம், ஐந்து, கடைசியில் நாலு நிமிஷம் பத்து செகண்ட். சான்றிதழும் வந்தது. "நிஜமா வந்தா அண்ணனை யாருக்கா தூக்கறது?" என்று கேட்டார் இரண்டாம் மாடித் தையல்காரர். "நிஜமா வந்தா நான் சும்மாவா இருப்பேன்?" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

நிஜம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்றாம் மாடி வீடொன்றில் ஏசி வெடித்துத் தீப்பிடித்தது. மணி அடித்தபோது விசிலக்கா முதல் மாடியில் கதை பேசிக்கொண்டிருந்தாள். கால் தானாகக் கேட்டுக்கு ஓடியது. கை தானாகப் பட்டியலை எடுத்தது. ஊதினாள், அதட்டினாள், ஒவ்வொரு பெயராக டிக் அடித்தாள். முப்பத்தொன்பது பெயர், முப்பத்தொன்பது டிக். நெஞ்சு நிமிர்ந்தது.

தீயணைப்பு வண்டி வந்ததும் அதே அதிகாரி குதித்து இறங்கினார். "உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"ஒருத்தர் பாக்கியில்ல சார். எல்லாரும் வந்தாச்சு."

"அப்ப யாரும் உள்ள போகாதீங்கப்பா, வெளியில இருந்தே தண்ணி அடிங்க" என்று ஆட்களிடம் கத்தினார். பிறகு அவளைப் பார்த்து, "இப்படி ஒரு கட்டிடத்த நான் பார்த்ததே இல்லம்மா" என்றார். அவளுக்கு வெட்கத்தில் சிரிப்பு வந்தது. ஆமாம், சிரித்தாள். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

அப்போது அவள் போன் அடித்தது.

"ஏம்மா, இன்னிக்கு என்ன திடீர் ஒத்திகை? சொல்லவே இல்லியே. புகையெல்லாம் விட்டு அசத்திட்டீங்க போ." புருஷன் இருமினார்.

அவள் அதிகாரியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நாலாவது மாடி சார், பின்பக்க ரூம்! என் வீட்டுக்காரர் சார்!"

அவர் அண்ணாந்து பார்த்தார். மூன்றாம் மாடிப் படி சற்று முன்தான் இடிந்து விழுந்திருந்தது. பின்பக்கச் சந்தில் ஏணி வண்டி நுழையாது. "நீங்கதானேம்மா எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னீங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

போனில் புருஷன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "என்னம்மா அங்க ஒரே கூச்சல்? நிஜமாவே ஏதாச்சும் ஆயிடுச்சா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"இல்லீங்க, ஒத்திகைதான். கண்ண மூடிட்டுப் படுங்க."

"அப்ப சரி. ரொம்பப் புகையா இருக்கு. முடிஞ்சதும் வந்து ஜன்னலைத் திறந்து விடு."

"வரேங்க" என்றாள்.