மூன்றாவது றிங்

கடைசித் தவணையைக் கட்டிவிட்டு வந்த அன்று, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சோமசேகரம் சொன்னார், "இனி ஒருத்தனுக்கும் ஒரு சதம் குடுக்கத் தேவையில்லை." நான் அந்தச் சந்தோசத்தில் பாயசத்துக்குச் சவ்வரிசி ஊறப் போட்டிருந்தேன். குசினிக்குள் வந்து கோப்பையை எட்டிப் பார்த்தவர், "ஆரைக் கேட்டு வாங்கினீர்?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சவ்வரிசியை முற்றத்தில் கொட்டியிருப்பேன். கொட்டினால் அதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும் என்று பேசாமல் காய்ச்சினேன்.

சோமசேகரம் என் புருசன். துறைமுகக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே இந்த வீட்டைக் கட்டி முடிக்க வட்டிக்கு வாங்கிய காசை அடைக்க ஒன்பது வருடம் சென்றது. அந்த ஒன்பது வருடமும் நானும் வாயைக் கட்டினேன், வயிற்றைக் கட்டினேன், அதற்காக ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. கடன் முடிந்தால் மூச்சு விடலாம் என்று நினைத்தேன். முடிந்த பிறகுதான் தெரிந்தது, வட்டிக்காரன் எழும்பிப்போன கதிரையில் என் மனுசன் ஏறி இருந்துவிட்டார் என்று.

ஈட்டில் கிடந்த தாலிக்கொடி வீட்டுக்கு வந்தது. இரண்டு கிழமை போட்டிருந்தேன். பிறகு "தங்கம் தேயும்" என்று கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். திரும்பவும் மஞ்சள் கயிறு. வீடு முழுவதற்கும் ஒரு பல்ப். குசினியில் வேலை முடிந்தால் அதைக் கழற்றி விறாந்தையில் பூட்ட வேண்டும். சூடு ஆறும்வரை பொறுக்க மாட்டார். என் விரல் வெந்தது எத்தனையோ தரம். பிளேன்ரீக்குச் சீனி போடுவதில்லை, உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக் குடிக்க வேண்டும். கரண்ட் பில் வந்தால் தேவாரம் படிப்பதுபோல இரண்டு தரம் வாசிப்பார். மீன் வாங்கப் போவது சந்தை கலைகிற நேரம்தான். கண் வெளுத்த சூடை மீனைக் கொண்டுவந்து நீட்டி, "பாதி விலை" என்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், கலியாணத்தன்று கூட அந்தச் சிரிப்பு இல்லை.

தயாபரன் எங்கள் ஒரே பிள்ளை. அப்போது இருபத்துமூன்று வயது. குச்சவெளியில் ஒரு ஐஸ் பக்ரறியில் வேலை. காலை பஸ்ஸில் போய்ப் பின்னேர பஸ்ஸில் வருவான். அது இரண்டாயிரத்து ஆறு. சமாதானம், சமாதானம் என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் திரும்பச் சண்டைக்கு ஆயத்தமான வருடம். கரையோர றோட்டில் ஆமிக்காரர் எத்தனை இடத்தில் பஸ்ஸை மறிப்பார்கள், எத்தனை தரம் இறக்கி ஏற்றுவார்கள் என்று கணக்கில்லை. பிள்ளை போய்ச் சேர்ந்தான் என்று தெரியும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது. நான் அழுது பிடித்ததால்தான் இரண்டு பழைய போன் வாங்கினார், ஒன்று அவனுக்கு, ஒன்று வீட்டுக்கு. வாங்கிய அன்றே சட்டமும் போட்டார்.

"ஒரு றிங் அடிச்சு நிண்டால் பஸ் வெளிக்கிட்டிட்டுது. ரண்டு றிங் அடிச்சு நிண்டால் போய்ச் சேர்ந்திட்டான். மூண்டாவது றிங் தேவையில்லை. ஒருத்தரும் எடுக்கப்படாது. எடுத்தால் காசு போகும்."

"அவசரம் எண்டால்?" என்று கேட்டேன்.

"அவசரம் எண்டால் ஆள் நேரை வந்து சொல்லும்."

தயா விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, அப்பா போன் கொம்பனியை வங்குறோத்தாக்கி இழுத்து மூடப்பண்ணிப்போட்டுத்தான் விடுவார்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த இரண்டு றிங் பிடித்திருந்தது. காலையில் அது அடித்து நின்றதும் பிள்ளை என்னை இரண்டு தரம் கூப்பிட்டதுபோல இருக்கும். அதற்குப் பிறகுதான் உலை வைப்பேன்.

சித்திரையில் ஒருநாள் மழையில் தொப்பலாக நனைந்து வந்தான். அடையாள அட்டையின் உறை விட்டுப்போய்த் தண்ணீர் புகுந்து படம் கரைந்துவிட்டது. புது அட்டை எடுப்பதென்றால் ஊர் விதானையாரிடம் கடிதம் வாங்க வேண்டும், ஸ்ரூடியோவில் படம் எடுக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். சோமசேகரம் அட்டையை அந்த ஒற்றைப் பல்ப்புக்குக் கீழே பிடித்துப் பார்த்தார்.

"நம்பர் தெரியுது. பேர் தெரியுது."

"முகம் தெரியேல்லையே" என்றேன்.

"முகத்தை அவன் கொண்டுதானே போறான்."

சொல்லிவிட்டுச் செலோரேப் ஒட்டிக் கொடுத்தார். தயா வாங்கிச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தான். தகப்பனை எதிர்த்துக் கதைத்துப் பழகாத பிள்ளை.

ஒரு வியாழக்கிழமை போன் அடித்தது. இரண்டு போய், மூன்று போய், நாலாவதும் போனது. நான் எடுத்துவிட்டேன். "அம்மா, இஞ்சை கட்டாக் கருவாடு நல்ல மலிவு, வாங்கட்டோ?" என்றான். போனில் அவன் குரலைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. பெரிய ஆள் ஒருவர் கதைப்பதுபோல இருந்தது. கருவாடு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிறகு பக்ரறி முதலாளி ஐஸ் கட்டிமேல் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னான், நான் சிரித்தேன். பின்னேரம் சோமசேகரம் பிள்ளையின் போனை வாங்கி மிச்சக் காசைப் பார்த்துவிட்டுக் குதித்தார். "கருவாட்டிலை மிச்சம் பிடிச்சதை வாயாலை விட்டிட்டியள், தாயும் மோனும்." அன்றிலிருந்து வீட்டுப் போன் அவர் பொக்கற்றில்.

அந்தச் சனிக்கிழமை அவருக்குக் கந்தோர் இல்லை. தயாவுக்கு அரைநாள் வேலை. காலையில் ஒரு றிங் வந்தது, பஸ் வெளிக்கிட்டுவிட்டது. சோமசேகரம் விறாந்தையில் மேசையைப் போட்டு, நூலால் உடுப்புத் தோய்க்கிற சவுக்காரக் கட்டியை வெட்டிக்கொண்டிருந்தார். முழுக் கட்டியாக வைத்தால் நான் கரைத்துவிடுவேனாம். போன் மேசையில் கிடந்தது.

அது அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நிற்கவில்லை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்த கையோடு ஓடிவந்தேன். அவர் போனை உள்ளங்கையால் மூடினார்.

"விடும்."

"மூண்டுக்கு மேலை போகுது."

"முந்தநாள் நீர் குடுத்த இடம். இண்டைக்கு என்ன கருவாடோ ஆருக்குத் தெரியும். பின்னேரம் வந்து வாயாலை சொல்லட்டும். வாய்க்குக் காசில்லை."

அடித்து ஓய்ந்தது. ஓய்ந்த கையோடு திரும்ப அடித்தது. நான் பறிக்கப் பார்த்தேன். மனுசன் போனை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் இருந்துகொண்டார். நான் தோளைப் பிடித்து இழுத்தேன், தேங்காய்ப்பூ அவர் சேட்டெல்லாம் ஒட்டியது.

"எழும்புங்கோ. எனக்கு நெஞ்சு பதறுது."

"உமக்கு எப்பதான் பதறேல்லை?"

அவருக்குக் கீழே கிடந்து அது அடித்தது. கடைசிவரைக்கும் அடித்து நின்றது. கொஞ்சநேரம் ஒன்றும் இல்லை. பிறகு மூன்றாம் தரமும் வந்தது. இந்தத் தரம் இரண்டு றிங் அடித்துப் பட்டென்று நின்றுவிட்டது.

சோமசேகரம் போனை வெளியே எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாத்தீரே? சேர்ந்திட்டான். கொஞ்சம் பொறுத்தால் எல்லாம் தன்ரைபாட்டிலை சரிவரும்." திரும்ப நூலை எடுத்தார். இரண்டு றிங் என்றால் இரண்டு றிங்தானே. நானும் குசினிக்குப் போய் மிச்சத் தேங்காயைத் துருவினேன், உலை வைத்தேன்.

பின்னேரம் படலையைத் திறந்துகொண்டு வந்தது தயா இல்லை, றஊப். கரையோர ஊர்களுக்குப் பிளாஸ்ரிக் சாமான் கொண்டுபோய் விற்கிறவர், தயாவோடு அதே பஸ்ஸில் போகிறவர். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. மேசையில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் போன் வேலை செய்யுதா அண்ணன்?"

"ஓம், வடிவா வேலை செய்யுது" என்றார் சோமசேகரம்.

"அப்ப காலையில வீட்டுல ஆரும் இருக்கல்லயா?"

றஊப் என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நிலாவெளி தாண்டினதும் பஸ்ஸை மறிச்சாங்க. எல்லாரையும் இறக்கி அட்டை பார்த்தாங்க. தம்பிட அட்டையில முகம் இல்ல. அவரைப் புறம்பா எடுத்தாங்க. எனக்குத் தெரிஞ்ச பொடியன் எண்டு நான் சிங்களத்துல சொன்னன், உன்ட வேலையைப் பாரு எண்டுட்டாங்க. ஒருத்தன் மட்டும் கொஞ்சம் நல்லவன் மாதிரி. வீட்டுக்கு அடி, தகப்பன் பேசினா விடுறன் எண்டான். தம்பி சிரிச்சிட்டேதான் அடிச்சார். இண்டைக்குச் சனிக்கிழமை, அப்பா வீட்டிலதான் எண்டார்."

றஊப் திரும்பவும் மேசையில் கிடந்த போனைப் பார்த்தார்.

"முதல் தரம் எடுக்கல்ல. ரெண்டாம் தரமும் எடுக்கல்ல. அப்பா எடுங்கோ, அப்பா எடுங்கோ எண்டு போனுக்குச் சொல்லிட்டு நிண்டார் அக்கா. மூணாந்தரம் அடிக்கக்குள்ள அவன் போனைப் பறிச்சுக் கட் பண்ணிட்டான். வீடில்லாதவன் எண்டு மத்தவங்களுக்குச் சொன்னான். வாகனத்துல ஏத்தினாங்க. எங்களைப் பஸ்ஸில ஏறுங்க எண்டாங்க."

என் புருசன் என்ன கேட்டார் தெரியுமா? அந்த இடத்தில், அந்த நேரத்தில், றஊப்பின் முகத்தைப் பார்த்து அவர் கேட்டது இதுதான்:

"அவன்ரை போனிலை காசு கிடந்ததே?"

"கிடந்திருக்கும் அண்ணன்" என்றார் றஊப். "றிங் போனதே."

மேசையில் அடுக்கியிருந்த சவுக்காரத் துண்டுகளை அள்ளி அவர் முகத்தில் எறிந்தேன். அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கை பழகிவிட்டது, அது தன்பாட்டில் பொறுக்கியது.

தேடினோம். மறித்த இடத்துக்குப் போனோம், அன்று நின்றவர்கள் மாறிப்போய்விட்டார்கள் என்றார்கள். போன ஆமிக் காம்பிலெல்லாம் அப்படி ஒருவரையும் பிடிக்கவில்லை என்றார்கள். முறைப்பாடு எழுதியவர் பிள்ளையின் படம் கேட்டார். எங்களிடம் இருந்தது பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வயதில் எடுத்த ஒரே ஒரு படம். அடையாள அட்டைக்குப் படம் எடுத்தபோதும் மேலதிகமாக ஒரு பிரதி எடுக்க இந்த மனுசன் விட்டதில்லை. படத்தைப் பார்த்தவர், "இது சின்னப் பிள்ளையெல்லோ" என்றார். சோமசேகரம் கைகட்டி நின்று, "முகம் உதுதான் ஐயா, கொஞ்சம் பெருப்பிச்சு நினைச்சுப் பாருங்கோ" என்றார். அந்த மேசைக்கு முன்னால் வைத்தே நான் அவரைக் கொன்றிருப்பேன். என் பிள்ளையைக் கண்டுபிடிக்க ஒரு ஆண்துணை வேண்டியிருந்ததால் விட்டேன்.

எட்டு மாதமாகிறது. சண்டை இன்னும் நடக்கிறது. சோமசேகரம் இப்போது மாதாமாதம் கடைக்குப் போய்த் தயாவின் நம்பருக்குக் காசு போடுகிறார். போடாவிட்டால் நம்பர் செத்துவிடும் என்று கடைக்காரன் சொன்னானாம். விறாந்தையில் ஒரு பல்ப், குசினியில் ஒரு பல்ப், படலையடியில் ஒன்று. பில் வந்தால் பிரிக்காமலே கொண்டுபோய்க் கட்டுகிறார். எந்தப் பிழையான நம்பர் அடித்தாலும் முதல் றிங்கிலேயே பாய்ந்து எடுத்து, "அப்பா கதைக்கிறன்" என்கிறார். மற்றப் பக்கத்தில் ஆரோ மன்னிப்புக் கேட்டு வைத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு மத்தியானமும் பிள்ளையின் நம்பருக்கு எடுப்பார். ஒரு பெண்பிள்ளை சிங்களத்தில் சொல்லுவாள், தமிழில் சொல்லுவாள், இங்கிலீசில் சொல்லுவாள், இந்த நம்பரோடு இப்போது கதைக்க முடியாது என்று. மூன்றையும் கடைசிவரை கேட்பார். அதற்குக் காசு போகாது. நல்ல லாபம் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

வாய் திறந்து சொல்வதில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, முறைப்பாட்டு விசயம் தவிர, அவரோடு நான் ஒரு சொல்லும் கதைத்ததில்லை. அகப்பையால் சட்டி விளிம்பில் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் பிளேன்ரீ. இரண்டு தட்டு என்றால் சோறு. மூன்றாவது தட்டுத் தேவையில்லை. அவர் போட்ட சட்டம்தான், நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

நேற்று அந்தப் பெண்பிள்ளை மூன்று பாசையிலும் சொல்லி முடித்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அழுதார். கிழவன்போல வாயைப் பிளந்து அழுதார்.

"நல்லம்மா, ஏசவெண்டாலும் ஏசும். ஒரு சொல்லுக் கதையும். எனக்கு ஏலாமல் கிடக்கு."

எனக்கு இரக்கம் வரவில்லை. வருகிறதா என்று கொஞ்சநேரம் நின்று பார்த்தேன், வரவில்லை. சோறு வெந்திருந்தது. அகப்பையை எடுத்துச் சட்டியில் இரண்டு தரம் தட்டினேன்.

மனுசன் திடுக்கிட்டுப் படலையைப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் இரண்டு தட்டுக் கேட்டதும் அங்கேதான் பார்க்கிறார். படலையடியில் பட்டப்பகலில் பல்ப் எரிந்துகொண்டிருந்தது, ஒருவரும் இல்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்து சாப்பிட்டார்.