ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்

மாமியின் கால்விரல் இடுக்கில் காய்ந்திருந்த வயற்சேற்றைத் தேனுகா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, சுவிசிலிருந்து அப்பா மறுபடியும் வீடியோவில் அழைத்தார். முந்தநாள்தான் மாமியைக் கதிரையோடு தூக்கிப்போய் வரம்பில் இருத்தினார்கள். முளைவிட்ட நெல்லுக்குள் காலை வைத்தபடி வெகுநேரம் இருந்தார். இன்று விடியப்புறம் மூச்சு நின்றுவிட்டது.

அப்பா அழுது முடித்திருந்தார். இப்போது உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை வந்து சேருவாராம். லண்டன், கனடாச் சொந்தங்களுக்கும் அன்றைக்குத்தான் லீவு, நேரலையில் பார்ப்பார்களாம். அதுவரைக்கும் உடலைப் பதப்படுத்திப் பெட்டியில் வைக்கக் கிளிநொச்சியிலிருந்து வான் வண்டி ஒன்று புறப்பட்டும் விட்டதாம். இன்றைக்குப் புதன்கிழமை.

அப்பா கனகலிங்கம் இப்படித்தான். சூரிச்சில் இருந்துகொண்டே முரசுமோட்டையில் அக்கா என்ன நெல் விதைக்கவேண்டும் என்று சொல்லுவார். மாமி அன்னபாக்கியம் "ஓம் தம்பி" என்றுவிட்டுத் தன் எண்ணப்படி விதைப்பார். அப்பாவின் பருப்பு வெந்தது மகளிடம்தான். வேலைக்குப் போகும் வயதிலும் தேனுகாவை ஏற்றி இறக்குவது அவர்தான். சிநேகிதியின் பிறந்தநாள் என்றால் வாசலில் காருக்குள் காத்துக்கிடப்பார். மாமிக்குக் கடும் வருத்தம், படுத்த படுக்கை என்று கேள்விப்பட்டு, சொல்லாமல் டிக்கெட் எடுத்தவள், விமான நிலையத்திலிருந்துதான் அவருக்குச் சொன்னாள். இனி என் வீட்டுப் படி மிதியாதே என்றார். பிறகு நாள் தவறாமல் அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

படுக்கையில் மாமி கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னைப் பெட்டிக்குள்ள வைச்சு ஆரையும் பாத்துக்கொண்டு கிடக்க விடாதை பிள்ளை. வாறன் வாறன் எண்டவையை உயிரோட பாத்துக்கொண்டிருந்தது காணும். அண்டைக்கே எடுத்துப்போடு."

தேனுகா கையடித்துச் சத்தியம் செய்தாள். சத்தியம் செய்வது சுலபம். இப்போது முற்றத்தில் பாடை கட்டியாயிற்று, பறைக்காரர் வாசல் படலையடியில் பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டு நின்றார்கள், ஆனால் ஒருவரும் அசையவில்லை. கொள்ளி வைக்கவேண்டிய கிருபன், மாமியின் தங்கை மகன், தேனுகாவின் கைத்தொலைபேசியையே பார்த்தான். அவன் ஓடுகிற மோட்டார் சைக்கிள் சூரிச் மாமா வாங்கிக் கொடுத்தது. மாமா சொல்லாமல் எப்படி என்று மெல்ல இழுத்தான்.

அப்பாவின் முகத்துக்கு நேரே தேனுகா ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. கைத்தொலைபேசியை மாமியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். நெற்றி நிறையத் திருநீறு, வழித்து இழுத்த நரைமுடி.

"வடிவாப் பாருங்கோ அப்பா."

"நான் வந்து பாக்கவேணும் பிள்ளை. என்ர அக்கா."

"அவா முப்பது வருசம் இஞ்சதான் இருந்தவா. இண்டைக்கு எடுக்கிறம்."

"ஆர் முடிவெடுத்தது?"

"மாமி. இப்ப நானும்."

சொல்லிவிட்டாள். குரல் நடுங்கவில்லை என்பது அவளுக்கே புதினமாக இருந்தது. அப்பாவின் பதிலுக்குக் காத்திராமல் படலைப் பக்கம் திரும்பினாள்.

"அடியுங்கோ அண்ணை."

பறை அதிர்ந்தது. கிருபன் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினான். அங்கே சூரிச்சிலும் அந்தச் சத்தம் கேட்டிருக்கவேண்டும். பிறகு அப்பா பேசியபோது அது உத்தரவாக இருக்கவில்லை.

"எனக்காகவும் நீ வாய்க்கரிசி போடுறியோ பிள்ளை?"

"ஓம் அப்பா."

இரண்டு முறை போட்டாள். கண்ணீர் கொட்டியது. அந்த அழுகைக்குள்ளும் ஒரு பெரிய சந்தோசம் இருந்தது, அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

பெண்கள் படலையோடு நின்றுகொள்ள, பாடை வாய்க்கால் றோட்டில் ஏறியது. எதிரே கிளிநொச்சி வான் வந்தது. ஒரு வண்டிக்கு மேல் போகமுடியாத றோட்டு. சாரதி ஒருமுறை ஹோர்ன் அடித்துப் பார்த்தான். பறை நிற்கவில்லை, தூக்கியவர்களும் நிற்கவில்லை. தேனுகா படலையில் நின்றபடியே கைத்தொலைபேசியை அப்பா பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தாள்.

வான் பின்பக்கமாக நகரத் தொடங்கியது. இரண்டு பக்கமும் மாமி விதைத்த வயல். சந்தி வரைக்கும் வான் பின்பக்கமாகவே போனது.